கம்பைப் பார்க்காதே, காலைப் பார்: சிலம்பச் சுவடுகளால் என்ன பயன்?

பதிவு கொஞ்சம் நீளம். அவசரம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி இப்போது குமராட்சிப் பக்கம் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித் தருகிறார். போன வாரம் போனில் கேட்டார்: "ஐயா, சுவடு, வரிசைன்னு ஆறு மாசம் காலை மட்டும் மிதிக்க வெச்சா பிள்ளைங்க நின்னுடறாங்க. பெத்தவங்க சீக்கிரம் மேடை ஏத்துங்க, சர்டிபிகேட் வாங்கிக் குடுங்கன்னு கேக்கறாங்க. சுவட்டை விட்டுட்டு நேரா கம்பு சுத்தறதுக்கே போயிடலாமா? இந்தக் காலத்துல வரிசையால என்னங்கய்யா பயன்?"

அவரிடம் இருபது, முப்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குச் சுவடு தெரியாது. அவர்களிடம் நாளைக்குக் கற்பவர்களுக்கும் தெரியாது. ஒரு தலைமுறையில் அறுந்துவிடும். அதனால் போனில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்காமல், எனக்குத் தெரிந்த வரலாற்றை வைத்து எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

சுவடு என்றால் என்ன?

சிலம்பம் பழகாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கம்பு பிடிப்பவரின் நெற்றி உயரம் இருக்கும், ஏறக்குறைய ஐந்தரை அடி. மூங்கில் அல்லது பிரம்பு. அது சுழல்வதைத்தான் நாம் எல்லாரும் வாய் பிளந்து பார்க்கிறோம். ஆசான்கள் பார்ப்பது காலை. எந்தக் கால் முன்னே, எந்தக் கால் குறுக்கே, உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற அந்தக் கால்வைப்புக்குத்தான் சுவடு என்று பெயர். பதினாறு சுவடு என்று கணக்குச் சொல்லும் ஆசான்கள் உண்டு. ஊருக்கு ஊர் எண்ணிக்கையும் பெயரும் மாறும். சுவடு, வீச்சு, தடுப்பு எல்லாவற்றையும் ஓர் ஒழுங்கில் கோத்துத் தனியாளாகச் செய்து பழகுவது வரிசை. எதிரில் ஆள் கிடையாது. வெறும் காற்றைத்தான் அடிக்கிறோம். "இது எப்படிச் சண்டைக்கு உதவும்?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எதற்காக வரிசை என்ற ஒன்றை மனிதர்கள் கண்டுபிடித்தார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும். முழு வேகத்தில் வரும் மூங்கில் கம்பு நெற்றியில் விழுந்தால் மண்டை உடையும். மணிக்கட்டில் விழுந்தால் எலும்பு போகும். பழகும்போதே நிஜமாக அடித்தால் ஒரு வாரத்தில் ஆசானிடம் மாணவனே மிஞ்சமாட்டான். மெதுவாக அடித்தால் வேகம் வராது. இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழிதான் வரிசை. காற்றில் முழு வேகத்தில் அடிக்கலாம், யாருக்கும் காயம் இல்லை. பிறகு இரண்டு பேர் சோடி சேர்ந்து, இன்ன அடி வரும், இன்ன தடுப்பு என்று முன்பே பேசிவைத்துப் பழகலாம். ஜப்பானிலும் இதே கதைதான். 18ஆம் நூற்றாண்டில் மூங்கில் பட்டை வாளும் கவசமும் பரவுவதற்கு முன்பு, அங்கே வாள் பயிற்சி பெரும்பாலும் 'கட்டா' என்ற வரிசை முறையில்தான் நடந்தது. மரவாளே ஆளைக் கொல்லும் என்பதால் வேறு வழி இல்லை.

பரங்கிப்பேட்டை சொல்லும் பாடம்

சண்டைக்கு வரிசை உதவாது என்பவர்களுக்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1 அன்று ஒரு பெரிய போர் நடந்தது. ஒரு பக்கம் மைசூர் ஹைதர் அலி. மறுபக்கம் கம்பெனிப் படைத் தளபதி ஐர் கூட். சில நாட்களுக்கு முன்புதான் ஹைதரின் காவலில் இருந்த சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கி, முடியாமல் கூட் பின்வாங்கியிருந்தார். ஆனால் பரங்கிப்பேட்டையில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை எதிர்த்து அவர் வென்றார்.

வெற்றிக்குக் காரணங்கள் பல. பீரங்கி உண்டு, கடலில் கப்பல் உதவி உண்டு. அதோடு ஒன்று, சிப்பாய்களுக்குக் கொடுத்திருந்த வரிசைப் பயிற்சி. அந்தக் காலத்துத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடி சுடுவதென்றால் தோட்டாத்தாளைக் கடிக்க வேண்டும், மருந்து கொட்ட வேண்டும், குண்டு போட வேண்டும், கோலால் இடிக்க வேண்டும், அப்புறம்தான் குறி. புகையும் கூச்சலும், பக்கத்தில் நிற்பவன் விழுவதுமாக இருக்கும்போது யோசித்து யோசித்து இதைச் செய்ய முடியாது. கை தானாகச் செய்ய வேண்டும். அதற்காக ஒவ்வோர் அசைவுக்கும் எண் கொடுத்து, சமாதான காலத்தில் வெறும் துப்பாக்கியை வைத்து ஆயிரம் முறை செய்ய வைத்தார்கள். ஐரோப்பாவில் இதைப் படம் படமாக வரைந்து ஜேக்கப் டி கெய்ன் என்ற ஓவியர் 1607இலேயே ஒரு நூல் வெளியிட்டார். அதில் துப்பாக்கிக்கும் ஈட்டிக்கும் நிலை நிலையாகப் படங்கள் இருக்கின்றன. பார்த்தால் நம் ஆசான்களின் வரிசை போலத்தான் இருக்கும்.

அந்தப் பயிற்சியைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் யார்? வெள்ளைக்காரர் இல்லை, நம் ஊர்க்காரர்கள்தான். அதே சோற்றைத் தின்று வளர்ந்த உடம்புதான். வரிசை என்பது பயத்தில் மூளை நின்றுபோகும் நேரத்திற்காக உடம்பில் முன்கூட்டியே எழுதி வைக்கும் எழுத்து. இதைச் சிலம்ப ஆசானும் அறிந்திருந்தார், கம்பெனி சார்ஜென்ட்டும் அறிந்திருந்தார்.

வளரி போனது, கம்பு நின்றது

இருபது ஆண்டுகள் கழித்து அதே கம்பெனி நம் கையிலிருந்து ஆயுதங்களைப் பிடுங்கியது. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், தெற்குச் சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பிரகடனம் வெளியிட்டார். ஆற்காட்டு நவாபிடமிருந்து நம் தென்னார்க்காடு கம்பெனி ஆட்சிக்குப் போனதும் அதே 1801இல்தான்.

சின்ன மருதுவைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். பிறகு அதே வெல்ஷ், மருதுவுக்கு எதிரான படையில் நின்று போரிட்டார். சொல்லிக்கொடுத்தவர் தூக்குமேடைக்குப் போனார், கற்றவர் புத்தகம் எழுதினார்.

அந்த வளரி இன்று எங்கே? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். கருவி பத்திரமாக இருக்கிறது. ஆனால் எப்படி நிற்க வேண்டும், எந்தக் காலில் பாரம், எந்த நேரத்தில் விரலை விட வேண்டும் என்ற பயிற்சித் தொடர் பெரும்பாலும் அறுந்துவிட்டது. இன்று ஆர்வமுள்ள சிலர் அதை மீட்க முயல்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கருவியைப் பார்த்துக் கலையைத் திரும்பக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

கம்புக்கு அந்தக் கதி வரவில்லை. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பட்டியலில் துப்பாக்கி, வாள், குத்துவாள், ஈட்டி, வில் அம்பு எல்லாம் உண்டு. மூங்கில் கம்பு இல்லை. எப்படிச் சேர்க்க முடியும்? மாடு ஓட்டுகிறவன், களத்துமேட்டுக் காவல்காரன், இராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் என்று எல்லார் கையிலும் கம்பு இருக்கும். மாட்டுப்பொங்கல், அம்மன் கோயில் திருவிழா, மொகரம் ஊர்வலம், சாவு ஊர்வலம் எல்லாவற்றிலும் பறையடிக்கு ஏற்பக் கம்பு சுழன்றது. பார்ப்பவர்களுக்கு அது ஆட்டம். ஆடியவன் காலுக்குள் சண்டை உறங்கிக்கொண்டிருந்தது. வரிசையாக, ஆட்டமாக இருந்ததால்தான் சிலம்பம் பிழைத்தது என்பது என் எண்ணம்.

கொள்ளிடத்து மணலில் கண்டது

கொள்ளிடம், வடவாறு, வீராணம் என்று தண்ணீரும் சேறும் சூழ்ந்த பூமி நம்முடையது. நான் சிறுவனாக இருந்தபோது கோடையில் கொள்ளிடத்து மணலில் ஒரு பெரியவர் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லித் தருவார். பிள்ளைகள் வரிசை முடித்ததும் அவர்களை நகரச் சொல்லிவிட்டு, குனிந்து மணலைப் பார்ப்பார். "உன் இடது குதிகால் பதிஞ்சிருக்கு பாரு. பாரம் பின்னாடி விழுந்துடுச்சு. இந்நேரம் எதிராளி உன்னைச் சாச்சிருப்பான்" என்பார். சுவடு என்ற பெயரின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. காலடித் தடத்தை வாசிக்கத் தெரிந்தவர் அவர். எழுத்து வாசிக்கத் தெரியாது.

ஒவ்வோர் அசைவுக்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். குறுக்குச் சுவடு, தலைக்கு நேரே இறங்கும் அடியின் பாதையை விட்டு விலகுவதற்கு. ஒற்றைக் கால் தூக்குவது, கணுக்காலுக்கு வரும் வீச்சைத் தப்புவதற்கு. தலைக்கு மேல் வட்டச் சுற்று, நாலு பேர் சூழும்போது நெருங்கவிடாமல் வைப்பதற்கு. இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே அளவு பழகுவது, ஒரு பக்கம் வாய்க்கால் இருந்தால் மறு கையால் சமாளிப்பதற்கு. வணக்கம் வைக்கும்போது தரையைத் தொடுகிறோமே, அது குருவுக்கும் பூமிக்கும் மரியாதை. "அதோட தரை ஈரமா, கல்லான்னு கை பாத்துக்கும்" என்பார். வரப்புமேல் நடக்க ஒரு தனிச் சுவடு வைத்திருந்தார். வரப்பில் கம்பைச் சுழற்ற இடமில்லை. ஒரே கோட்டில் கால் வைத்து, குத்தி எடுக்க வேண்டும். மதுரைப் பக்கத்து மேட்டு நிலத்தில் பழகியவனுக்கு இது தேவைப்படாது. நம் ஊர் மண்ணே அந்த வரிசைக்குள் இருந்தது.

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக்கூடாது. ஒரு தெரு ஆசான் மறு தெருப் பிள்ளைக்குச் சொல்லித் தரமாட்டார். பெண் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக்கூட வரமுடியாது. கேட்கத் துணிந்த பிள்ளைகளும் விரட்டப்பட்டார்கள். அதனால் எத்தனையோ வரிசைகள் ஆசானோடு சுடுகாட்டுக்குப் போயின. இன்று எல்லாத் தெருப் பிள்ளைகளும், பெண் பிள்ளைகளும் ஒரே களத்தில் நிற்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே இன்றைய பயிற்சியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வாய்பாடும் கிளிப்பிள்ளையும்

நான் வாத்தியார். எனக்கு எல்லாம் பள்ளிக்கூடத்தில்தான் வந்து முடியும். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று மனப்பாடம் செய்யவைத்தார்கள். அப்படிப் படித்த கணக்குப்பிள்ளை களத்துமேட்டில் நின்று, காகிதம் இல்லாமல் நெல் அளவையும் நிலக் குழியையும் வாயாலேயே கணக்குப் போட்டார். மனப்பாடமும் களமும் சேர்ந்திருந்தவரை அது கல்வி. களத்திலிருந்து பிரிந்த அன்று அது கிளிப்பிள்ளைப் பாடம் ஆகிவிட்டது. சுவடிக்கு நேர்ந்ததுதான் சுவட்டுக்கும்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. ஒகினாவாத் தீவில் இதோசு அன்கோ என்ற கராத்தே ஆசான் 1901இல் தம் கலையைத் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுபோனார். பிள்ளைகளுக்கு ஏற்றபடி 'பினான்' என்ற ஐந்து வரிசைகளை அமைத்தார். கராத்தே உலகம் முழுக்கப் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் கூட்டமாக நின்று எண்ணிக்கை சொல்லிச் செய்யும்போது பொருள் நழுவும் ஆபத்தும் கூடவே வந்தது. 1908இல் அவர் எழுதிய கடிதத்தில், ஒவ்வோர் அசைவும் எதற்கு, எப்போது பயன்படும் என்று அறிந்து பயில வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறார். பள்ளிக்குள் கொண்டுபோனவரே அதை நினைவூட்ட வேண்டியிருந்தது!

நமக்கு இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிதம்பரம் கோயிலுக்குப் போகும்போது கோபுர வாசலில் நின்று இரண்டு பக்கச் சுவரையும் பாருங்கள். நாட்டிய சாத்திரம் சொல்லும் 108 கரணங்களும் சிற்பமாக இருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அதற்குரிய வரிகளும் பொறித்திருக்கிறார்கள். ஆனால் கல்லில் நிற்பது ஓர் அசைவின் ஒரு கணம் மட்டும். அதற்கு முன் கால் எங்கே இருந்தது, பின் எங்கே போனது என்று கல் சொல்லாது. கரணம் என்பது நிலை இல்லை, அசைவு என்று முனைவர் பத்மா சுப்ரமணியம் பல்லாண்டு ஆராய்ந்து விளக்க வேண்டியிருந்தது. அத்தனை சிற்பமும் எழுத்தும் இருந்தே இந்தப் பாடு. எழுத்தே இல்லாத சிலம்பச் சுவடு ஒருமுறை அறுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்றைக்கு என்ன பயன்?

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. பெற்றோர் சான்றிதழ் கேட்பதில் தவறில்லை. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைப்பவருக்கு அந்தத் தாள் ஒரு வாழ்க்கை. ஆனால் சுவடு இல்லாமல் சுற்றும் பிள்ளை அலங்காரச் சுற்றில் கைதட்டு வாங்கும். எதிரில் ஆள் நின்று தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டியில் கால் பின்னி நிற்கும். சான்றிதழுக்கே சுவடு வேண்டும்.

போட்டி தவிர்த்த பயன்களையும் சொல்கிறேன்.

1. தனியாகப் பழகலாம். துணை வேண்டாம், பணம் வேண்டாம். பத்தடிக்குப் பத்தடி இடமும் ஒரு கம்பும் போதும்.

2. இரண்டு கையும் இரண்டு காலும் சமமாக வேலை செய்யும். வலது கைப் பழக்கம் உள்ள பிள்ளை இடது கையையும் நம்பத் தொடங்கும்.

3. இடைவெளி அறியும் கண் வரும். எவ்வளவு தூரத்தில் ஆபத்து, எவ்வளவு விலகினால் போதும் என்று உடம்புக்குத் தெரியும். வெறிநாய் வந்தாலும், மாடு மிரண்டாலும், பைக் சறுக்கி வந்தாலும் முதலில் நகர வேண்டியது கால்தான்.

4. வயதானால் விழாமல் இருக்கலாம். நான் இன்றும் காலையில் மாடியில் பத்து நிமிடம் சுவடு மிதிக்கிறேன். கம்புகூட இல்லை. போன ஐப்பசி மழையில் வாசற்படியில் வழுக்கியது. நான் யோசிப்பதற்குள் கால் குறுக்கே போய் ஊன்றிக்கொண்டது. அறுபது தாண்டிய உறவினர்கள் கவனிக்கவும்!

வரிசை மட்டும் தெரிந்தால் சண்டை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாய்பாடு தெரிந்தவன் எல்லாம் கணக்கில் நூறு வாங்குவதில்லை. வரிசைக்குப் பிறகு சோடி சேர்ந்து பழக வேண்டும், கவசம் போட்டு மோதிப் பார்க்க வேண்டும், தோற்றுப் பார்க்க வேண்டும். அந்தப் படிகளை ஏறாதவனின் வரிசை வெறும் ஆட்டம். ஆனால் வாய்பாடே தெரியாதவனைப் பரீட்சைக்கு அனுப்புவதும் சரியில்லை.

சிலம்பம் சொல்லித் தரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் யோசனை இதுதான். ஆறு மாதம் காலை மட்டும் மிதிக்கவைக்க வேண்டாம். முதல் நாளே கம்பைக் கையில் கொடுங்கள், குழந்தை ஆசையாகச் சுற்றட்டும். அதோடு வாரத்துக்கு ஒரே ஒரு சுவடு. அந்தச் சுவடு எதற்கு என்று அன்றே சோடி சேர்த்துக் காட்டிவிடுங்கள். நுரைக்குழாய் சுற்றிய கம்பால் மெதுவாக ஓர் அடி கொடுங்கள். கால் விலகினால் தப்பலாம், விலகாவிட்டால் படும். தப்பித்த பிள்ளை மறுநாள் தானாகவே அந்தச் சுவட்டை வீட்டு வாசலில் மிதிக்கும். காரணம் தெரிந்த பாடத்தைப் பிள்ளைகள் ஒருபோதும் வெறுப்பதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நான் கண்டது இது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், பக்கத்துத் தெருவில் எழுபது எண்பது வயதில் கம்பு தெரிந்த பெரியவர் யாராவது இருப்பார். தேடிப் போங்கள். தெருப் பார்க்காதீர்கள். அவரால் கம்பு தூக்க முடியாவிட்டால் பரவாயில்லை, நடந்து காட்டச் சொல்லுங்கள். போனில் படம் எடுக்கும்போது முகத்தையும் கம்பையும் மட்டும் எடுக்காமல் பாதம் தெரிய எடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் "இது எதுக்குங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதையும் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். வரிசையின் பெயர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், எந்த ஊர் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் சம்மதித்தால் நம் ஊர்ப் பயிற்சியாளர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

பொங்கலுக்குள் ஆளுக்கு ஒரு பெரியவரையாவது பார்த்துவிடுங்கள். பார்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.

வாழ்க வளமுடன்.